கட்டை ஆரையும் சுடேல்ல

செய்தி வந்தபோது நான் ஒரு கதிரைக் காலுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் மலரக்காவின் மகள் துஷி. "மாமா, அம்மா போயிட்டா" என்றாள். மலரக்கா வியாழக்கிழமைகளில் நிலாவெளி ஹோட்டல்களுக்கு மடித்த விரிப்புகளைக் கொண்டுபோவது வழக்கம். அன்றும் வியாழன்தான். இந்த வெயிலுக்குள் ஏன் போனா, நாளைக்குப் போயிருக்கலாமே, பஸ்ஸிலா ஆட்டோவிலா என்று நான் என்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் துஷி விம்மத் தொடங்கினாள். அதற்குப் பிறகுதான் விளங்கியது. பசை தடவிய கதிரைக் காலைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் நின்றிருக்கிறேன். கடைசியில் அதையும் கோணலாகத்தான் ஒட்டினேன்.

காலையில் இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக் கரி போட்டு மூட்டிவிட்டு, கரி பிடிக்கும் வரைக்கும் சற்று இருப்போம் என்று கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. நெஞ்சு நோ அவருக்கு முன்பும் ஒருமுறை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே கடையைத் திறந்துவிட்டார். ஏசினேன். "படுத்துக் கிடந்தா மட்டும் நெஞ்சு என்ன நல்லதா நடக்கப் போகுதே?" என்றார். அந்த வாய்க்கு முன் எவர் நிற்க முடியும்!

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி துஷி கேட்டாள். எழுத வராது என்று தட்டிக்கழிக்க ஏலாது. பள்ளிவாசலுக்கும் கமக்காரர் சங்கத்துக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான்தான் என்பது கிண்ணியா முழுக்கத் தெரியும். ஆனால் மனுவில் ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். இங்கே கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

திருகோணமலை நகரில் வெள்ளைச் சட்டை போடுகிற பலருக்கு மலரக்காவைத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் தெருவில் உடுப்பு வெளுத்து அழுத்தும் அவருடைய லோன்றிக் கடை, அதற்கு அடுத்தது என்னுடைய தளபாடப் பட்டறை. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் சல்லிக் கிராமத்திலிருந்து வருவார், நான் கிண்ணியாப் பாலத்தால் வருவேன். சட்டை கொடுத்தவர்கள் அவரைச் சட்டையால் நினைத்துக்கொள்ளட்டும். நான் எழுதப் போவது துவக்குக் கட்டையைப் பற்றி. அது அவரை அறிந்த பலருக்கும் தெரியாத விசயம்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் என்னை நானா என்பார், அதாவது அண்ணன். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களைத் தமிழ் ஆட்கள் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணன் என்கிறார், நான் அவரை அக்கா என்கிறேன். இது எந்தக் கணக்கில் சேரும்? தலை நரைத்த மனுசி, அதிகாரமாகக் கதைக்கிற மனுசி, மூத்தவர் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வயதை எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். "வயசைக் கேட்டு என்ன செய்யப் போறீங்கள், எனக்குக் கலியாணம் பேசப் போறீங்களே?" என்பார். கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் என் பக்கத்துக்குப் போய்விடுவேன்.

இனித் துவக்குக் கதை. மூதூர், வெருகல் பக்கத்துக் கமக்காரர்கள் சிலரிடம் அனுமதிப்பத்திரத்துடன் சொட்கன் துவக்கு இருக்கிறது. பன்றியும் குரங்கும் பயிரை விட்டுவைப்பதில்லை. அந்தத் துவக்கில், சுடும்போது தோளில் முட்டுக் கொடுக்கும் மரப்பகுதியைக் கட்டை என்போம். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும்போது விழும், உழவு யந்திரத்தில் சாத்தி வைத்தது சரியும். கட்டையில் பள்ளம் விழும், அல்லது விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்துபோகும். தச்சன் என்று தேடி என்னிடம் வருவார்கள்.

முதல் கட்டை வந்த அன்று, பள்ளம் விழுந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு மரம் பதிக்கலாம் என்று உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணீர் கொண்டு வந்த மலரக்கா எட்டிப் பார்த்தார்.

"நானா, அந்த உளியைக் கீழ வையுங்கோ. மரம் எங்கயும் போகேல்லயே. அமுங்கித்தானே கிடக்கு" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. சட்டை மடிக்கிறவர் எனக்கு மரம் படிப்பிக்கிறாரா? கட்டையை நீட்டி, ஏலுமென்றால் எழுப்பிக் காட்டச் சொன்னேன். அவர் பள்ளத்தின் மேல் இருந்த பூச்சைச் சுரண்டச் சொன்னார். நனைத்த பருத்தித் துணியை நாலாக மடித்து அதன் மேல் வைத்தார். சூடான இஸ்திரிப் பெட்டியின் மூக்கை அதில் ஊன்றினார். சீ என்று ஆவி எழும்பியது. துணி காயக் காய மறுபடி நனைத்தார், மறுபடி ஊன்றினார். அவருடைய மேசை விளிம்பில் விழுந்த பள்ளங்கள் ஈரத் துணியும் சூடும் பட்டு எழும்புவதைப் பல வருடமாகப் பார்த்தாராம். அவ்வளவுதான் இரகசியம். பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. தடவிப் பார்த்தேன், இல்லை. அன்றைக்குத் தேத்தண்ணீரை ஆறவிட்டுத்தான் குடித்தேன்.

ஆனால் பெயர்ந்துபோன துண்டை எந்த இஸ்திரிப் பெட்டியாலும் வரவழைக்க ஏலாது. அதற்கு நான்தான் வேண்டும். பெயர்ந்த இடத்தை நேராகச் செதுக்கி, அதே நார் ஓட்டமுள்ள மரத்துண்டைத் தேடி, ஒரு நூல் மேலே நிற்கும்படி ஒட்டி, காய்ந்த பிறகு இழைத்து, கடும் சாயத்தண்ணீரால் நிறம் பிடிப்பித்து எண்ணெய் தேய்ப்பேன். நிறத்தைப் பார்க்க அவருக்குக் கண் போதாது, இரண்டு துண்டையும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு ஒன்றுபோல இருக்கிறது என்று சாதிப்பார். அதனால் நாங்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். "அமுங்கினது எனக்கு, போனது உங்களுக்கு" என்பது அவருடைய வார்த்தை. இது அமுங்கியதா போனதா என்று ஒவ்வொரு கட்டைக்கும் சண்டை பிடித்தோம். எந்தக் கட்டையும் முதலில் அவருடைய மேசைக்குப் போய்விட்டுத்தான் என் உளிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் அவர் கடைசிவரை விட்டுத்தரவில்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். இரும்பு வாசலுக்கு உள்ளே வரக் கூடாது. குழலையும் விசைப்பகுதியையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, மரத்தை மட்டும் யூரியாப் பையில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் துவக்கு இருக்கக் கூடாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை, ஒரு துவக்கு அவர் குடும்பத்தில் என்ன செய்தது என்பதை, இங்கே எழுத வேண்டாம் என்று துஷி கேட்டிருக்கிறாள். எழுதவில்லை. அப்படியிருந்தும் இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கையிலிருந்த விரிப்பை மடித்து அடுக்கின் மேல் வைத்தார். பிறகு, "கட்டை ஆரையும் சுடேல்ல நானா" என்றார்.

பொன்னுத்துரை வெருகல்காரர். சோளமும் கச்சான் கடலையும் பயிர் செய்கிற மனுசன், சத்தமாகக் கதைக்கத் தெரியாது. அவருடைய கட்டையின் அடிப்பக்கம் பெரிய பள்ளம். மறுகிழமை அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கத் துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் காட்ட வேண்டும், அதற்குள் திருத்தித் தரச் சொன்னார். மலரக்கா மனம் வைத்துச் செய்தார். அவ்வளவு அழகாக ஒரு பள்ளம் எழும்பி நான் கண்டதில்லை. கட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்த பொன்னுத்துரையின் முகம் செத்துப்போனது. "அக்கா, நம்பர் எங்க?" என்றார்.

பள்ளத்துக்குப் பக்கத்தில் துவக்கின் பதிவு இலக்கம் மரத்தில் குத்தியிருந்திருக்கிறது. இலக்கம் என்றால் என்ன? அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்து மரத்தை அமுக்கியதுதானே. ஆவிக்கு எது பள்ளம், எது அரசாங்கம் குத்திய இலக்கம் என்று தெரியுமா? இரண்டையும் ஒன்றாக எழுப்பிவிட்டது. கண்ணாடி போட்டுப் பார்த்தோம், சாய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். மரம் அப்போதுதான் பிறந்தது மாதிரி இருந்தது.

சிரிப்பாக எழுதுகிறேன், அன்று ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. துவக்கின் இலக்கத்தை அழித்தவன் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொன்னுத்துரை வாங்குப் பலகையில் இருந்து அழுதார். துவக்கைப் பறித்தால் சோளம் பன்றிக்கு, தன்னைப் பிடித்தால் பிள்ளைகள் தெருவுக்கு என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

எனக்கு உடனே வழி தோன்றியது. பக்கத்துக் கடைசல் கடையில் எண் அச்சுகள் இருந்தன. ஓடிப்போய் வாங்கி வந்தேன். பத்திரத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்து அதே இடத்தில் நானே குத்தி, மேலே கொஞ்சம் சாயமும் புகையும் பூசிவிட்டால் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க ஏலாது. பொன்னுத்துரையின் கண்ணும் துடைபட்டது. மலரக்கா கட்டையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அழிஞ்சது என்ர பிழை. நீங்கள் குத்தினா அது கள்ளம்" என்றார். "பிழையைச் சொல்லலாம் நானா. கள்ளத்தை எப்பிடிச் சொல்லுறது?"

கத்தினேன். உங்களுக்கு விசர் பிடித்துவிட்டதா, பொலிசுக்குத் தானாகப் போகிற ஆளை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டேன். அவர் அசையவில்லை. மறுநாள் காலையில் கஞ்சி போட்ட சேலை உடுத்து, கட்டையைப் பையில் சுற்றிக்கொண்டு, "வாறீங்களே, நான் தனியப் போகவே?" என்று என் பட்டறை வாசலில் நின்றார். பொன்னுத்துரை குழலும் பத்திரமுமாகப் பின்னால் நின்றார். மனதுக்குள் திட்டிக்கொண்டே சட்டையை மாற்றினேன். என்ன செய்ய, அக்கா என்று கூப்பிட்டுத் தொலைத்துவிட்டேனே.

எந்த நிலையம் என்பது வேண்டாம். அங்கிருந்த சார்ஜன்ட் நாங்கள் சொன்னதைப் பாதி கேட்டதுமே எழும்பிவிட்டார். எங்கள் மூன்று பேரின் சந்தைச் சிங்களத்தையும் கூட்டினாலும் ஒரு முழு வசனம் தேறாது. மலரக்கா பயப்படாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நம்பரை அழித்தது நான், இவருக்குத் தெரியாது, வேண்டுமென்று செய்யவில்லை. சார்ஜன்ட் வாக்குமூலம் எழுத ஆரம்பித்தார். பெயர், ஊர், தொழில். பிறகு பேனாவால் என்னைக் காட்டி, இந்த ஆள் யார் என்று கேட்டார்.

"என்ர நானா" என்றார் மலரக்கா.

சார்ஜன்ட் அவருடைய பொட்டையும் பார்த்தார், என் தொப்பியையும் பார்த்தார். எப்படி என்றார். "கூடப் பிறக்கேல்ல. ஆனா எனக்கு மூத்தவர்" என்றார் இவர். அந்த இடத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. இல்லை சேர், நான் இளையவன், இவதான் மூத்தவ என்றேன். வாயை மூடு என்றார் சார்ஜன்ட். மலரக்கா சொன்னதையே எழுதினார்.

சூடுபட்டால் எழுத்து அழியுமா, யாருக்குக் கதை விடுகிறீர்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. மலரக்கா அங்குமிங்கும் பார்த்தார். சார்ஜன்டின் மரக் கதிரையின் கையைக் காட்டி, அதில் எதையாவது வைத்து அடிக்கச் சொன்னார். சார்ஜன்ட் தன் அலுமாரித் திறப்புக் கோர்வையை வைத்து மேசைக் கல்லால் ஓங்கி ஒரு அடி அடித்தார். திறப்பின் பல்லெல்லாம் மரத்தில் பதிந்தது. உங்கள் ஆட்கள் உடுப்பு அழுத்துகிற பெட்டி ஒன்று தாருங்கள் என்றார் இவர். மின்சாரப் பெட்டி வந்தது, தான் முகம் துடைக்கிற கைலேஞ்சியை நனைத்து மடித்தார். நிலையத்தில் இருந்த எல்லோரும் வந்து சூழ்ந்துவிட்டார்கள். ஆவி எழும்ப எழும்ப, நான் யா அல்லாஹ் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். இது கதிரை, என்ன மரமோ, எப்போது பூசிய வார்னிஷோ! கைலேஞ்சியை எடுத்தார். சார்ஜன்ட் விரலால் தடவினார். மறுபடி தடவினார். திறப்பின் ஒரு பல்கூட அங்கே இல்லை.

பொறுப்பதிகாரி வந்தார். குழலில் இருந்த இலக்கமும் பத்திரத்தில் இருந்த இலக்கமும் பொருந்துவதைப் பார்த்தார். பொன்னுத்துரையின் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டையில் இலக்கத்தைத் தன் முன்னாலேயே திரும்பக் குத்தும்படி சொல்லி, அதையும் எழுதி ஒப்பமிட்டார். அச்சுகள் என் சட்டைப் பையில்தான் இருந்தன. முதல்நாள் கள்ளமாகக் குத்த வாங்கிய அதே அச்சுகள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்ததில் ஏழு மட்டும் சாய்ந்துவிட்டது. "கவனம் நானா, இதையும் நான் எழுப்ப வேண்டி வரும்" என்று மலரக்கா காதுக்குள் சொன்னார். அந்த மனுசிக்கு எங்கேயிருந்துதான் அந்த நேரத்தில் பகிடி வந்ததோ தெரியாது.

வெளியே வந்ததும் பொன்னுத்துரை அவர் காலில் விழப் போனார். மலரக்கா எட்டி நின்று, உங்களுக்கு நான் செய்த அநியாயத்துக்கு நான்தான் விழ வேண்டும் என்றார். பிறகு பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருந்தார். வந்த பஸ்ஸையும் விட்டார், அதற்கு அடுத்ததையும் விட்டார். உள்ளே நின்ற நேரமெல்லாம் அவருக்கும் பயம்தான் இருந்திருக்கிறது. அந்த வருடம் பொன்னுத்துரை வீட்டிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவித்துத் தின்னத் தின்னத் தீராத சோளம் வந்தது.

அடுத்த நாளே பால்மா டின் ஒன்றை வெட்டி, கரைகளை அரத்தால் தேய்த்து, தீப்பெட்டி அளவில் ஒரு தகடு செய்தார். எந்தக் கட்டை வந்தாலும் முதலில் அடிப்பக்கம் பார்ப்பார், இலக்கம் இருந்தால் அதைக் காய்ந்த துணியாலும் தகட்டாலும் மூடிக் கட்டிவிட்டுத்தான் பள்ளத்துக்குத் துணி நனைப்பார். தான் விட்ட பிழையை அவர் மறைக்கவே இல்லை. புதிதாக வருகிறவர்களிடம், நான் ஒருமுறை அரசாங்கத்தையே அழித்தவள், அதனால்தான் இந்தத் தகடு என்று சொல்லுவார். கொஞ்சம் பெருமையாகவும் சொல்லுவார்.

சல்லியில் செத்த வீட்டுக்குப் போன அன்று, சந்தியில் இறங்கினேன். மதிலில் அவருடைய படத்துடன் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே ஒரு பக்கம் பிறந்த ஆண்டு, மறுபக்கம் இறந்த ஆண்டு. பிறந்த ஆண்டைப் பார்த்தேன். அச்சடித்தவன் பிழை விட்டுவிட்டான் என்று நினைத்தேன். விரல் மடித்துக் கணக்குப் பார்த்தேன். பிழையென்றே முடிவு செய்து, வீட்டுக்குள் போய்த் துஷியைக் கிட்டக் கூப்பிட்டு, ஆண்டைத் திருத்தச் சொன்னேன்.

அழுது வீங்கிய முகத்தோடு பிள்ளை சிரித்துவிட்டாள். "பிழை இல்ல மாமா. அம்மா உங்களுக்கு நல்லா இளையவ."

பிறகு ஏன் இத்தனை வருடமும் அக்கா என்று கூப்பிட விட்டா என்று கேட்டேன்.

"அக்கா எண்டு கூப்பிட்டாத்தான் அந்த மனுசன் சொல்லுக் கேக்கும் எண்டவ."

அந்தச் செத்த வீட்டுக்குள், அத்தனை சனத்துக்கு நடுவில், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். ஓரமாக நின்ற பொன்னுத்துரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வெருகலிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஏழு இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது என்றார்.

முப்பத்தொன்று முடிந்ததும் துஷி கடையைத் திறக்கிறாள். விரிப்பும் உண்டு, சட்டையும் உண்டு, கட்டையும் உண்டு. தாயின் வேலையை நான் தொடமாட்டேன் என்று முன்பு அடம்பிடித்தவள்தான். போன கிழமை என் பட்டறைக்கு வந்து, பழைய கதிரைக் கை ஒன்றில் தானே சுத்தியலால் அடித்துப் பள்ளமாக்கி, தானே எழுப்பிப் பார்த்தாள். பாதிதான் எழும்பியது. துணி கொஞ்சம் ஈரம் போதவில்லை என்றேன். இதை நானே சொல்கிறேனே என்று எனக்கே ஆச்சரியம். மறுபடி நனைத்தாள், எழும்பியது. ஆகவே கட்டை வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் கொண்டு வாருங்கள். வழமை போல, இரும்பு வேண்டாம்.

தகட்டைத் துஷி எனக்குத் தந்துவிட்டாள், கடைக்கு வேறொன்று வெட்டிக்கொண்டாள். என் உளிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். உளியை எடுக்கப் போகும்போதெல்லாம் விரல் முதலில் அதில் படுகிறது. போனதா, அமுங்கினதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் இப்போது வெட்டுகிறேன்.

ஆனால் அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது தகடு மட்டுமல்ல. அந்தப் பொலிஸ் நிலையத்தில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கடையில் பகிடிக்கு எதையும் சொல்லுவார். வாக்குமூலம் என்று வந்ததும் பகிடியை வெளியே வைத்துவிட்டார். நம்பரை அழித்தது நான் என்றார், உண்மை. இவருக்குத் தெரியாது என்றார், உண்மை. இவர் எனக்கு மூத்தவர் என்றார், அதுவும் உண்மை. அன்று அங்கே பிழையாகச் சொன்னவன் நான் ஒருவன்தான்.

இவ்வளவு நேரமும் பழக்கத்தில் அவர், அவர் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். கூடப் பிறந்த இளையவளை அப்படி எழுதுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மலர் என் தங்கச்சி. நான் அவளுடைய நானா. இனி எந்தச் சார்ஜன்ட் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன்.